ரூக்கி டிராஃப்ட் முடிந்ததும் அணிகளுக்கு மதிப்பெண் போடுவது எப்படி?

அமெரிக்காவில் டைனஸ்டி லீக் (அமெரிக்கக் கால்பந்தில், வீரர்களை வருடக்கணக்கில் வைத்து ஆடும் ஃபேன்டஸி ஆட்டம்) ஆடுகிறவர்களின் வாட்ஸ்அப் குரூப்புகளில் மே மாதம் வந்தால் ஒரே சண்டைதான். ரூக்கி டிராஃப்ட், அதாவது புதுமுக வீரர்களை முறைபோட்டு எடுக்கும் சுற்று, அப்போதுதான் முடிந்திருக்கும். யார் கெட்டிக்காரத்தனமாக எடுத்தார், யார் கோட்டை விட்டார் என்று 12 பேரும் 12 தீர்ப்பு சொல்வார்கள். அலுவலக நண்பர்கள் இழுத்துவிட்டு இப்படி ஒரு லீக்கில் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள், "நீயும் கிரேடு போடு" என்கிறார்கள் என்றால், எதிலிருந்து தொடங்குவது என்பதற்காக இது.

முதலில் ஆட்டத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. நம் ஊர் ஃபேன்டஸி கிரிக்கெட்டில் ஒரு மேட்சுக்கு ஓர் அணி போட்டால் அத்தோடு கணக்கு முடிந்தது. டைனஸ்டியில் அப்படியில்லை. நீங்கள் எடுத்த வீரர், நீங்களாக விற்கும்வரை அல்லது கழற்றிவிடும்வரை உங்களிடமே இருப்பார். ஆகவே ஒவ்வொரு வருடமும் புதிதாகப் பங்குபோட இருப்பது அந்த வருடம் என்.எஃப்.எல். என்ற அமெரிக்கக் கால்பந்து லீக்குக்குள் நுழையும் ரூக்கிகள் மட்டும்தான். ஏப்ரல் கடைசியில் என்.எஃப்.எல். அணிகள் கல்லூரி வீரர்களை எடுக்கும் டிராஃப்ட் மூன்று நாள், ஏழு ரவுண்டு நடக்கும். அது முடிந்த சில நாள்களிலோ வாரங்களிலோ உங்கள் லீக்கின் ரூக்கி டிராஃப்ட். பெரும்பாலும் 12 அணி, மூன்று முதல் ஐந்து ரவுண்டு. போன வருடம் கடைசியில் வந்தவருக்கு முதல் பிக், அதாவது முதலில் எடுக்கும் வாய்ப்பு. எல்லா ரவுண்டிலும் அதே வரிசைதான், பாம்பு மாதிரி வளைந்து திரும்பாது. 1.01 என்றால் முதல் ரவுண்டின் முதல் பிக், 2.09 என்றால் இரண்டாம் ரவுண்டின் ஒன்பதாவது. இந்தப் பிக்குகளையே வாங்கலாம், விற்கலாம், அடுத்த வருடத்துப் பிக்கைக்கூட.

சரி, மதிப்பெண்ணுக்கு வருவோம். கிரேடு போடுகிறவர் பதில் சொல்ல வேண்டிய கேள்வி ஒன்றுதான்: அந்த நேரத்தில், அந்த விலைக்கு, அந்த அணிக்கு அந்த ஆள் தகுமா? இவர் பெரிய ஆளாக வருவாரா மாட்டாரா என்பதை ஜோசியரிடம் விட்டுவிடுங்கள்.

லீக்கின் விதிகளை எடுத்து வையுங்கள்

இதைச் செய்யாமல் கிரேடு போடுகிறவர்கள் ஏராளம். குறைந்தது நான்கு விஷயம் தெரிய வேண்டும்: எத்தனை அணி, எத்தனை குவார்ட்டர்பேக்கை (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவர்) இறக்கலாம், கேட்ச் ஒன்றுக்கு எத்தனை புள்ளி, டைட் எண்டுக்கு (எதிராளியைத் தடுக்கவும் பந்தைப் பிடிக்கவும் செய்கிறவர்) தனிச் சலுகை உண்டா.

இரண்டாவதுதான் எல்லாவற்றையும் தலைகீழாக்கும். சூப்பர்ஃப்ளெக்ஸ் லீக்கில் இரண்டாவது குவார்ட்டர்பேக்கையும் இறக்கலாம். என்.எஃப்.எல்.லில் இருப்பதோ 32 அணி, அதாவது ஆரம்ப குவார்ட்டர்பேக்குகள் 32 பேர். பன்னிரண்டு பேர் ஆளுக்கு இரண்டு இறக்கினாலே 24 தேவை. கையில் மூன்றாவதாக ஒருவரை வைத்திருக்க நினைத்தால் பற்றாக்குறை. அதனால் 2024-இல் சிகாகோ பேர்ஸ் முதல் பிக்காக எடுத்த கேலப் வில்லியம்ஸ், சூப்பர்ஃப்ளெக்ஸ் லீக்குகளில் 1.01 ஆகப் போனார். ஒரே குவார்ட்டர்பேக் இறக்கும் லீக்குகளில் அதே ஆள் முதல் ரவுண்டின் நடுவுக்கோ அதற்கும் கீழேயோ இறங்கினார். ஒரே வீரர், ஒரே வாரம், இரண்டு விலை. அதேபோல டைட் எண்டின் கேட்சுக்கு ஒன்றரைப் புள்ளி கொடுக்கும் லீக்கில் அதே வருடத்து டைட் எண்ட் பிராக் பவர்ஸ் மேலே ஏறுவதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. யூடியூபில் யாரோ போட்ட தரவரிசையை அப்படியே கொண்டுவந்து உங்கள் லீக்கின் தலையில் கட்டாதீர்கள்.

சந்தை விலையை அன்றைக்கே குறித்துவையுங்கள்

அடுத்து வேண்டியது ஏ.டி.பி. பல லீக்குகளில் ஒரு வீரர் சராசரியாக எந்த இடத்தில் எடுக்கப்பட்டார் என்ற எண் இது. என்.எஃப்.எல். டிராஃப்டுக்கு முந்திய ஏ.டி.பி. உதவாது, எந்த அணிக்குப் போகிறார் என்றே தெரியாத காலத்துக் கணக்கு அது. உங்கள் டிராஃப்ட் நடந்த அதே வாரத்து எண், உங்கள் லீக் வகைக்கானது, இதுதான் வேண்டும். 'கீப் ட்ரேட் கட்' தளமும் கைகொடுக்கும். வருகிறவர்களிடம் மூன்று பெயரைக் காட்டி யாரை வைத்துக்கொள்வாய், யாரை விற்பாய், யாரைக் கழற்றிவிடுவாய் என்று கேட்டு, அந்தப் பதில்களிலிருந்து வீரர்களுக்கும் பிக்குகளுக்கும் மதிப்பு போடுகிறார்கள். கூட்டத்தின் மனநிலை அதில் தெரியும். கூட்டம் சொல்வதெல்லாம் சரி என்றில்லை, ஆனால் நீங்கள் ட்ரேட் பேசப் போவதும் அந்தக் கூட்டத்திடம்தான்.

எண்களை எடுத்ததும் அடுக்கு அடுக்காகக் கோடு போடுங்கள். 2024 வகுப்பில், அதாவது அந்த வருடத்து ரூக்கிகளில், ரிசீவர்களான (எறியும் பந்தைப் பிடிக்கிறவர்கள்) மார்வின் ஹாரிசன் ஜூனியர், மாலிக் நேபர்ஸ் இருவரும் ஏறக்குறைய ஒரே அடுக்கு. ஹாரிசனை அரிசோனா கார்டினல்ஸ் நான்காவதாக எடுத்தது, நேபர்ஸை நியூயார்க் ஜயண்ட்ஸ் ஆறாவதாக எடுத்தது. பட்டியலில் ஒருவர் இரண்டு இடம் மேலே இருக்கிறார் என்பதற்காக மற்றவரை எடுத்தவரின் மதிப்பெண்ணைக் குறைப்பது வீண் வேலை. ஓர் அடுக்கைத் தாண்டிக் கீழே போய் எடுத்தால்தான் கேள்வி கேட்க வேண்டும்.

"சீக்கிரம் எடுத்துவிட்டார்" என்பதை எப்படிப் பார்ப்பது

புதியவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது, கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

ஒருவர் 1.09-இல் ஒரு வீரரை எடுக்கிறார். ஏ.டி.பி. அவரை 2.03 என்கிறது. குரூப்பில் உடனே சிரிப்பு பொம்மைகள் பறக்கும். ஆனால் எடுத்தவருடைய அடுத்த பிக் எது என்று பாருங்கள். 2.09 என்றால், 2.03-இல் போகக்கூடிய ஆள் அதுவரை காத்திருக்க மாட்டார். அந்த வீரர் வேண்டுமென்றால் 1.09-இலேயே எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் மறந்துவிட வேண்டும். இடையில் இன்னொரு வழி உண்டு. 1.09-ஐ 2.01 வைத்திருப்பவரிடம் கொடுத்துவிட்டு, 2.01-உம் கூடவே ஒரு மூன்றாம் ரவுண்டு பிக்கும் வாங்கியிருக்கலாம். ஆக, இவர் இழந்தது அந்த மூன்றாம் ரவுண்டு பிக் அளவுதான். அதற்கு ஏ-இலிருந்து பி-க்கு இறக்கலாம், டி போட்டுக் கேவலப்படுத்த அதில் ஒன்றுமில்லை. கீழே இறங்க அவர் பேசிப் பார்த்து யாரும் ஒத்துக்கொள்ளவில்லையா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுவதும் நல்லது.

மறுபக்கமும் இருக்கிறது. மேல் அடுக்கு ஆள் தானாக வழுக்கி வந்து மடியில் விழுந்தார், எடுத்தார். இதற்கு ஏ போடலாம், ஆனால் அதில் எடுத்தவரின் திறமை பாதி, முன்னால் இருந்தவர்களின் அலட்சியம் பாதி. முன்னால் இருந்தவர்களின் தாளிலும் அதைக் குறிக்க மறக்காதீர்கள்.

எடுத்ததற்குக் காரணம் என்ன?

விலை சரியாக இருந்தாலும் காரணம் பலவீனமாக இருக்கலாம். இதற்கு 2020-ஐ விட்டால் வேறு பாடம் வேண்டாம்.

அந்த வருடம் முதல் ரவுண்டில் எடுக்கப்பட்ட ஒரே ரன்னிங் பேக் (பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்) கிளைட் எட்வர்ட்ஸ்-ஹெலேர், 32-ஆவது பிக். எடுத்தது அப்போதுதான் என்.எஃப்.எல். இறுதிப்போட்டியான சூப்பர் போல் வென்றிருந்த கேன்சஸ் சிட்டி சீஃப்ஸ். நட்சத்திர குவார்ட்டர்பேக் பேட்ரிக் மஹோம்ஸ் பக்கத்தில் ஓடப்போகிற ஆள் என்றதும் டைனஸ்டி உலகமே அவரை 1.01-க்குத் தூக்கியது. ஜொனாதன் டெய்லர் 41-ஆவதாக இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸுக்குப் போனார். டெய்லர் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் அடுத்தடுத்து இரண்டு சீசனில் 2,000 யார்டுக்கு மேல் ஓடியவர், 40 யார்டை 4.39 விநாடியில் கடந்தவர். ஹெலேருக்கு அதே தூரம் 4.60. அப்படியிருந்தும் சேர்ந்த அணியின் பளபளப்பு ஆளின் தரத்தை மறைத்துவிட்டது. 2021-இல் டெய்லர் 1,811 யார்டு ஓடி லீக்கிலேயே முதலிடம். ஹெலேர் தன் முதல் வருடத்தின் 803 யார்டை அதற்குப் பிறகு ஒரு சீசனிலும் தாண்டவில்லை. 22-ஆவதாக மின்னசோட்டா வைக்கிங்ஸ் எடுத்த ரிசீவர் ஜஸ்டின் ஜெஃபர்சன் முதல் வருடமே 1,400 யார்டு பிடித்தார், அவரையும் பல லீக்குகளில் முதல் ரவுண்டின் பின்பாதியில்தான் எடுத்திருந்தார்கள்.

2020 மே மாதம் உட்கார்ந்து ஹெலேருக்கு டி போட்டிருக்க வேண்டுமா? வேண்டாம். சந்தை விலைக்குத்தான் எடுத்தார்கள். ஆனால் "சீஃப்ஸ் அணி என்பதைத் தவிர வேறு காரணம் இருக்கிறதா?" என்று கேட்டு, பதில் வராவிட்டால் பி-யோடு நிறுத்தியிருக்கலாம். அணியின் நிலைமை ஓரிரு வருடத்தில் மாறிவிடும்: பயிற்சியாளர் போவார், புது ஆள் வருவார். வீரரின் திறமை அவரோடு போகும்.

காரணங்களில் நான் அதிகம் நம்புவது, என்.எஃப்.எல். அணி அவருக்காகச் செலவழித்த பிக். முதல் ரவுண்டு ஆள் சொதப்பினாலும் இரண்டாவது, மூன்றாவது வாய்ப்பு கிடைக்கும், எடுத்த மேலாளரின் மானமும் அதில் இருக்கிறதே. ஐந்தாம் ரவுண்டு ஆளுக்கு ஆகஸ்டிலேயே சீட்டு கிழியலாம். விதிவிலக்கு இல்லாமல் இல்லை. ரிசீவர் பூக்கா நக்குவா 2023-இல் 177-ஆவது பிக், முதல் சீசனிலேயே 105 கேட்ச், 1,486 யார்டு என்று ரூக்கி சாதனையை உடைத்தார். அவரைச் சொல்லிச் சொல்லியே வருடா வருடம் ஐந்தாம் ரவுண்டு ரிசீவர்களைத் தலையில் தூக்கிவைத்து ஆடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு நக்குவாவுக்குப் பின்னால் பெயர் தெரியாமல் போனவர்கள் எத்தனை பேர் என்று யாரும் எண்ணுவதில்லை.

செலவழித்த பிக்கோடு வாய்ப்பையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2024-இல் அட்லாண்டா ஃபால்கன்ஸ் எட்டாவது பிக்கில் குவார்ட்டர்பேக் மைக்கேல் பெனிக்ஸை எடுத்தது. அதற்கு ஒரு மாதம் முன்புதான் இன்னொரு குவார்ட்டர்பேக்கான கிர்க் கசின்ஸுக்கு நான்கு வருடம், 18 கோடி டாலர் என்று ஒப்பந்தம் போட்டிருந்தார்கள். பெனிக்ஸ் ஆரம்ப வீரராக இறங்கியது டிசம்பரில். இந்த வருடமே கோப்பை வேண்டும் என்கிற அணி அவரை எடுத்தால் மதிப்பெண் குறையும். பொறுமையாக அணியைக் கட்டுகிறவருக்கு அதே பிக் நல்ல பிக்.

ட்ரேடுகளைத் தனியாக எடைபோடுங்கள்

பெயர்களை மட்டும் பார்த்துக் கிரேடு போடுகிறவர்கள் இதைக் கவனிக்க மாட்டார்கள். யாரை எடுத்தார் என்பது ஒரு கணக்கு, அந்தப் பிக்கை எப்படி வாங்கினார் என்பது இன்னொரு கணக்கு. இரண்டுக்கும் தனித்தனி மதிப்பெண் போட்டுவிட்டு அப்புறம் சேர்க்கலாம். கையில் ஒரு பிக்கும் இல்லாத அணிக்கும் இதே முறைதான், பிக்குகளைக் கொடுத்து என்ன வாங்கினார் என்று பாருங்கள். 1.01 வைத்திருந்தவருக்கு நல்ல ஆள் கிடைத்ததற்காக ஏ போடுவதும் தப்பு. அவர் கொண்டுவந்த முதலே பெரிது, கொண்டுவந்ததற்கு ஏற்ப எடுத்துப் போனாரா என்பதுதான் பேச்சு.

ஓர் அணியைப் போட்டுப் பார்ப்போம்

கற்பனையாக ஒரு லீக். 12 அணி, சூப்பர்ஃப்ளெக்ஸ், கேட்சுக்கு ஒரு புள்ளி, 2024 வகுப்பு. நாம் பார்க்கும் அணி போன வருடம் 11-ஆவது இடம். கையில் 1.02, 2.02, 3.02, 4.02. தன்னுடைய 2025 முதல் ரவுண்டு பிக்கைக் கொடுத்து 1.11-ஐயும் வாங்கியிருக்கிறார்.

1.02-இல் ஹாரிசன். விலை சரி. ஆனால் இந்த அணியில் உருப்படியான குவார்ட்டர்பேக் ஒருவர்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாஷிங்டன் இரண்டாவதாக எடுத்த குவார்ட்டர்பேக் ஜேடன் டேனியல்ஸ் அப்போது இன்னும் யாரும் எடுக்காமல் இருக்கிறார், காலாலும் ஓடிப் புள்ளி சேர்க்கிறவர். அவரை விட்டதற்கு ஒரு படி குறைக்கலாம். பி பிளஸ்.

1.11-இல் கரோலினா பேந்தர்ஸின் ஜொனாதன் புரூக்ஸ். அந்த வருடம் முதலில் எடுக்கப்பட்ட ரன்னிங் பேக், ஆனால் 46-ஆவது பிக்தான். முந்தைய நவம்பரில் கல்லூரி ஆட்டத்தில் முழங்கால் தசைநார் கிழிந்தவர், சீசன் தொடக்கத்தில் ஆட மாட்டார் என்பது எல்லாருக்கும் தெரியும். 11-ஆவது இடத்து அணி காத்திருக்கலாம், அதனால் பிக்குக்கு பி. ட்ரேடுக்கு? டி. போன வருடம் 11-ஆவதாக வந்த அணி, இந்த வருடமும் ஓடமுடியாத ரன்னிங் பேக்கை எடுத்துக்கொண்டு, அடுத்த வருடத்து முதல் பிக்கைத் தாரை வார்க்கிறது. அந்தப் பிக் மறுபடி 1.02, 1.03 என்று வர எல்லா வாய்ப்பும் உண்டு. கொடுத்தது மேல் அடுக்கு, வாங்கியது 11-ஆவது இடம்.

2.02-இல் ரிசீவர் லாட் மெக்கான்கி. சார்ஜர்ஸ் 34-ஆவதாக எடுத்தது. அந்த மார்ச்சில்தான் கீனன் ஆலனை சிகாகோவுக்கு ட்ரேட் செய்து, மைக் வில்லியம்ஸையும் கழற்றிவிட்டிருந்தார்கள். பந்து எறிகிறவர் ஜஸ்டின் ஹெர்பர்ட், பிடிக்க ஆள் இல்லை. விலை, பிக், வாய்ப்பு மூன்றும் கூடிவருகிறது. ஏ.

3.02-இல் டாம்பா பே எடுத்த ரன்னிங் பேக் பக்கி இர்விங். நான்காம் ரவுண்டு ஆள், 125-ஆவது பிக், முன்னால் ரசாத் ஒயிட் நிற்கிறார். மூன்றாம் ரவுண்டில் இப்படி ஒரு சீட்டு எடுத்துப் பார்ப்பதில் தவறில்லை. பி. நாலாவது ரவுண்டைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை, டாக்ஸி ஸ்குவாடில் (இளம் வீரர்களை அணிக்கு வெளியே நிறுத்திவைக்கும் இடம்) இடம் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இல்லையென்றால் அந்த ஆளுக்காக யாரைக் கழற்றிவிட்டார் என்பதும் செலவுதான்.

மொத்தத்தில் எவ்வளவு? எல்லா பிக்கும் ஒரே எடை இல்லை. முதல் ரவுண்டு பிக் பத்து ரூபாய் என்றால் மூன்றாம் ரவுண்டு ஒரு ரூபாய்கூடத் தேறாது. அதனால் மெக்கான்கியும் இர்விங்கும் சேர்ந்தாலும் 2025 முதல் பிக்கைக் கொடுத்ததை ஈடுகட்ட முடியாது. சி பிளஸ்.

இப்போது என்ன நடந்தது என்று பார்க்கலாம். ஹாரிசன் முதல் வருடம் 885 யார்டு, கீழ் அடுக்கு இல்லை என்றாலும் எதிர்பார்த்த அளவு இல்லை; நேபர்ஸ் 109 கேட்ச், 1,204 யார்டு. டேனியல்ஸ் சிறந்த தாக்குதல் ரூக்கி விருது வாங்கினார். புரூக்ஸ் நவம்பரில் களமிறங்கி, டிசம்பரில் அதே முழங்கால் தசைநாரை மறுபடி கிழித்துக்கொண்டார். மெக்கான்கி 82 கேட்ச், 1,149 யார்டு. இர்விங் 1,122 யார்டு ஓடினார். முடிவை மட்டும் பார்க்கிறவர் "இரண்டு ஆள் சிக்கிவிட்டார்கள், இது ஏ டிராஃப்ட்" என்பார். நான் சி பிளஸைக் கொஞ்சம் ஏற்றுவேனே தவிர ட்ரேடுக்குப் போட்ட டி-யைத் தொட மாட்டேன். 2025-இல் ரன்னிங் பேக்குகள் கொட்டிக் கிடந்தார்கள்: ஆஷ்டன் ஜென்டி ஆறாவது பிக், ஒமாரியன் ஹாம்ப்டன் 22-ஆவது. அந்த முதல் பிக் கையில் இருந்திருக்கும்.

கிரேடை எழுதும்போது

12 அணிக்கும் பி போட்டு யாரையும் பகைத்துக்கொள்ளாமல் தப்பிக்கிற ஆசை வரும். முதலில் 1 முதல் 12 வரை வரிசைப்படுத்துங்கள், அப்புறம் எழுத்தைப் போடுங்கள். ஏ இரண்டு மூன்று, டி ஒன்றுக்கு மேல் அபூர்வம். உங்கள் அணிக்கு நீங்களே போடாதீர்கள், வேறு ஒருவரிடம் தாளைக் கொடுங்கள்.

ஒவ்வொரு அணிக்கும் மூன்று வரி போதும். எது நல்ல விலை, எது கேள்விக்குரியது, எது நடந்தால் என் தீர்ப்பு தப்பாகும். மூன்றாவது வரிதான் முக்கியம். "சீசன் நடுவில் புரூக்ஸ் வந்து வாரம் 15 முறை பந்தைத் தூக்கினால் நான் சொன்னது தப்பு" என்று எழுதிவிட்டால், பின்னால் வார்த்தையை மாற்ற முடியாது. ஆளைக் கிண்டல் செய்ய வேண்டுமென்றால் அது குரூப்பில் தனியாக நடக்கட்டும், தாளில் பிக்கைப் பற்றி மட்டும் இருக்கட்டும்.

தாளைத் தேதி போட்டு வைத்துவிடுங்கள். ஒரு சீசன் முடிந்து பிப்ரவரியில் ஒரு தடவை, மூன்று சீசன் கழித்து ஒரு தடவை திறந்தால் போதும். ரன்னிங் பேக் என்றால் முதல் வருடத்திலேயே ஓரளவு தெரிந்துவிடும். குவார்ட்டர்பேக்குக்கு மூன்று வருடம் கொடுக்காமல் பேசக் கூடாது. டைட் எண்டுக்கும் காலம் பிடிக்கும் என்றுதான் எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பவர்ஸ் வந்து முதல் வருடமே 112 கேட்ச் பிடித்ததில் கொஞ்சம் வாயடைத்துப் போயிருக்கிறார்கள்.

பிப்ரவரியில் திறக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது, நீங்கள் ஏ போட்டு, முதல் வருடம் சரியாக ஆடாத ஆள்கள். போன மே மாதம் நீங்கள் எழுதிய காரணங்கள் இன்னும் அப்படியே நிற்கின்றனவா என்று பாருங்கள். என்.எஃப்.எல். அணி அவருக்கு மேல் புதிதாக ஆளை எடுக்கவில்லை, காயமும் இல்லை, வெறும் எண்ணிக்கைதான் குறைவு என்றால், அவரை வைத்திருப்பவர் அலுத்துப் போயிருப்பார். அடுத்த டிராஃப்ட் நெருங்க நெருங்க எல்லாருக்கும் புது முகங்கள் மேல் கண் போகும். அதற்குள் இரண்டாம் ரவுண்டு பிக் ஒன்றைக் காட்டி, "கொடுக்கிறீர்களா?" என்று ஒரு செய்தி அனுப்பிப் பாருங்கள்.